ஏழு கோடுகள்

கொழுத்த கோடு, உடனே ஒரு மயிரிழை,
மறுபடி கொழுத்த கோடு.
பேனாவுக்கு முனை அகலம், அதனால் வந்த வினை.
வளைய வேண்டிய இடத்திலெல்லாம்
ஒடிந்துகொள்ளும் எழுத்து.

பெர்கன் நகரில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.
செய்தித்தாளின் நெற்றியில் இருக்கிறது,
கறுப்பு பீர் போத்தலின் வயிற்றில்,
போன வருஷம் திறந்துவிட்டு
தன்னைப் 'பழைய' என்று சொல்லிக்கொள்ளும்
உணவகத்தின் பலகையில்,
முகத்தில் பிணவெள்ளை பூசி
அடித்தொண்டையில் அலறும் பையன்களின்
பனியன் நெஞ்சில்.
அந்தக் குழுவின் பெயரை
அவர்களுடைய அம்மாக்களே வாசித்ததில்லை.

ஸிக்ரூனின் பச்சை குத்தும் கடைக்கு
அந்த எழுத்துரு ஒரு குறிப்போடு வந்தது:
தலைப்புக்கு மட்டும்.
பத்தி பத்தியாக அடிக்காதீர்கள்.
பெரிய எழுத்துகளை அடுத்தடுத்து நிறுத்தாதீர்கள்,
சண்டை பிடித்துக்கொள்ளும்.
தோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மழை.
(பெர்கனில் அதை எழுதுவது வீண் செலவு.)
கப்பல் பட்டறை வெல்டர் ஓஸ்முன்ட் வந்தார்.
இடது முன்கையை நீட்டி
'உன்னி' என்றார். மனைவி.
முதல் எழுத்து பெரிதாக வேண்டாம்,
தேவாலயக் கதவு மாதிரி இருக்கிறது,
அவள் அப்படி இல்லை.

"கடைசி எழுத்துக்குத் தலையில் புள்ளி வைக்கவா?
ஆதியில் கிடையாது.
கோட்டோடு கோடு கலந்து
துறவிகளுக்கே கண் பிசகிய பிறகுதான்
மேலே ஒரு கீற்று இழுத்தார்கள்."

"ஆதியில் எப்படியோ அப்படி."

யு-வுக்கு இரண்டு, என்-னுக்கு இரண்டு,
இன்னொரு என்-னுக்கும் இரண்டு, ஐ-க்கு ஒன்று.
முழங்கைக்குக் கீழே ஏழு கம்பி வேலி.

திங்கட்கிழமை மேஸ்திரி கேட்டார்:
"மினி? கார் வாங்கிவிட்டாயா?"
எண்ணிப் பாருங்கள்,
எம்-முக்கு மூன்று, ஐ-க்கு ஒன்று, என்-னுக்கு இரண்டு, ஐ-க்கு ஒன்று.
கணக்கு சரிதான்.
ரத்தம் எடுத்த நர்ஸ்
விலைப்பட்டைக் கோடு என்று நினைத்தாள்.

ஏப்ரலில் உன்னி போய்விட்டாள்.
காபி இயந்திரத்தையும்
பாதி நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டாள்.
பெரிய காரணம் எதுவுமில்லை. சின்னவை நிறைய.

அப்போதுதான் தெரிந்தது,
வாசிக்க முடியாததில் ஒரு வசதி உண்டு.
படகில் பழக்கமான ரன்வெய்க் அந்தக் கையைத் திருப்பி
இது என்ன என்றபோது,
"மினி. என் முதல் கார்" என்றார்.
அவள் சிரித்தாள்.
அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

நவம்பரில் மருந்துக் கடை.
அவர் சீட்டு நாற்பத்தொன்று, முன்னால் நாற்பது.
நாற்பது திரும்பியது.
குனியவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை,
தண்ணீர் குடிப்பதுபோல் அந்தக் கையை வாசித்தாள்.
"இன்னும் புள்ளி வைக்கலையா?"
பிறகு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

ஸிக்ரூன் விளக்கை இழுத்துப் பார்த்தாள்.
மறைப்பது சுலபம் என்றாள்,
ஏற்கெனவே பாதி இருட்டு,
இடையில் இருக்கும் வெள்ளையை மூடினால் போதும்.

"புள்ளி மட்டும்" என்றார் ஓஸ்முன்ட்.

சுவரில் ஓர் அட்டை, அதே எழுத்தில்:
மினிமம் ஆயிரத்து இருநூறு குரோனர்.
அந்த முதல் சொல்லுக்கு மட்டும் பதினைந்து கோடு.
இதுவரை ஒருவரும் அதை வாசித்ததில்லை,
எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்.
அவரும் கொடுத்தார்,
ஒரே ஒரு புள்ளிக்கு.

நம் எழுத்தில் புள்ளி விழுந்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும்.
அங்கே உயிரின் தலையில்தான் வைக்கிறார்கள்.
உன்னி என்றால் பழைய தமிழில் 'நினைத்து' என்று
ஓஸ்முன்டிடம் யார் போய்ச் சொல்வது?

பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒட்டி அனுப்பினாள் ஸிக்ரூன்.
மூன்று நாளைக்கு மழை படக் கூடாதாம்.
பெர்கனில்.